அரிய ரத்த வகை உள்ளவருக்கு ரத்தம் ஏற்றும் முன்: கண்டறிவதும் பதிவதும் காப்பதும்

ரத்த வகைச் சோதனையின் முடிவு ஒரு சிறு கண்ணாடிக் குழாயின் அடியில் தெரிகிறது. சிவப்பணுக்களையும் சோதனைத் திரவத்தையும் கலந்து சில நொடிகள் சுழற்றி எடுத்தால், அணுக்கள் அடியில் ஒரு சிவப்புப் பொத்தானைப் போலப் படிந்திருக்கும். குழாயை மெல்லச் சாய்த்து அசைக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமானால் பொத்தான் புகை எழுவது போலக் கலைந்து, திரவம் முழுவதும் ஒரே சிவப்பாகிவிடும். பொருந்தாவிட்டால் பொத்தான் கலையாமல் கட்டியாகவே புரளும். ‘ஓ’ வகை என்று அட்டையில் எழுதப்பட்டிருந்த ஒருவரின் மாதிரியை நான் சோதித்தபோது, ‘ஏ’ அணுக்கள் இட்ட குழாயிலும் ‘பி’ அணுக்கள் இட்ட குழாயிலும் கட்டி இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது குழாயில் ‘ஓ’ அணுக்கள் இருந்தன. அதிலும் கட்டி இருந்தது. ‘ஓ’ வகைக்காரரின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி, ‘ஓ’ அணுக்களை ஒன்றும் செய்யக் கூடாது. அந்த மூன்றாவது குழாயைப் பார்க்காமல் இருந்திருந்தால், அட்டையை நம்பி அவருக்கு ‘ஓ’ ரத்தம் போயிருக்கும். அது அவர் உயிரைப் பறித்திருக்கக் கூடும்.

அரிய ரத்த வகை உள்ளவர்களும், அவர்களின் குடும்பத்தினரும், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளும் என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை ரத்தம் தேவைப்படாத நாட்களில், உடல் நலமாக இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டியவை. அவசரம் வந்த பிறகு வகையைத் தேடத் தொடங்குவது மிகவும் தாமதமான தொடக்கம்.

‘அரிய வகை’ என்றால் என்ன

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரைகளாலும் புரதங்களாலும் ஆன பல அடையாளங்கள் இருக்கின்றன. இவற்றை ஆன்டிஜென் என்கிறோம். நம் உடலில் இல்லாத அடையாளம் உள்ளே வந்தால் அதை எதிர்க்க பிளாஸ்மாவில் உருவாகும் பொருள் ஆன்டிபாடி. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்ட ஆய்வால் ‘ஏ’, ‘பி’, ‘ஓ’ என்ற பிரிவுகள் அறியப்பட்டன. அதன் பிறகு ஆர்எச், கெல், டஃபி, கிட், டியேகோ என்று ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டு, இன்று 40க்கும் மேற்பட்ட ரத்த வகை அமைப்புகளும் 300க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்களும் பட்டியலில் உள்ளன. ஆகவே ‘பி பாசிட்டிவ்’ என்பது ஒருவருடைய ரத்தத்தின் முழு முகவரி ஆகாது. ஊரின் பெயரை மட்டும் சொல்வதைப் போன்றது. பெரும்பாலானவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே போதும். சிலருக்குத் தெருவும் கதவு எண்ணும் தெரிந்தே ஆக வேண்டும்.

பொதுவாக 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் வகையை அரிய வகை என்று சொல்வது வழக்கம். இதில் இரண்டு விதம் உண்டு. முதலாவது, ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் ஓர் ஆன்டிஜென் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் இருப்பது. பாம்பே வகையும், வெல் என்ற ஆன்டிஜென் இல்லாதவர்களும், ஆர்எச் அமைப்பின் எந்த ஆன்டிஜெனும் இல்லாத ஆர்எச்-நல் வகையினரும் இதில் சேர்வர். ஆர்எச்-நல் வகை 1961இல் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது. உலகம் முழுவதிலும் மிகச் சிலரிடமே இருப்பதாக அறியப்பட்டுள்ளது. செய்திகளில் இதைத் ‘தங்க ரத்தம்’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு உவப்பானதல்ல. அந்த ரத்தத்தை உடையவருக்கு அது லேசான ரத்தச் சோகையையும், தனக்குத் தேவைப்படும் நாளில் யாரிடம் கேட்பது என்ற கவலையையும் சேர்த்தே தருகிறது.

இரண்டாவது விதம், தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமான பல ஆன்டிஜென்கள் ஒருவரிடம் ஒருசேர இல்லாமல் இருப்பது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர் மூன்று நான்கு ஆன்டிபாடிகளை உருவாக்கிக்கொண்டிருந்தால், அத்தனையும் இல்லாத ரத்தப் பையைத் தேட வேண்டியிருக்கும்; அதுவும் அரிய வகைத் தேடல்தான்.

பாம்பே வகை: ‘ஓ’ போலத் தோன்றும், ‘ஓ’ அல்ல

இந்த வகையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிழை நேர்வதற்கு மிக எளிதான இடம் இதுதான். 1952இல் ஒய்.எம். பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் பம்பாயில் கண்டறிந்து அறிவித்ததால் இதற்கு அந்தப் பெயர் வந்தது. ‘ஏ’, ‘பி’ இரண்டு ஆன்டிஜென்களும் ‘எச்’ என்ற ஓர் அடித்தளப் பொருளின் மேல்தான் கட்டப்படுகின்றன. ‘ஓ’ வகைக்காரரிடம் ‘ஏ’யும் இல்லை, ‘பி’யும் இல்லை, ஆனால் அந்த ‘எச்’ நிறைய உண்டு. பாம்பே வகையினரிடம் ‘எச்’ உருவாக்கும் மரபணுவே செயல்படாததால் அடித்தளமே இல்லை. எனவே அவர்களின் பிளாஸ்மாவில் ‘ஏ’, ‘பி’, ‘எச்’ மூன்றையும் எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இயல்பாகவே இருக்கின்றன. இதற்காக அவர்கள் முன்பு ரத்தம் ஏற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த ‘எச்’ எதிர்ப்பு உடல் வெப்பநிலையிலேயே வேலை செய்து, ஏற்றப்பட்ட சிவப்பணுக்களை ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைக்கக் கூடியது. எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நம்பப்படும் ‘ஓ நெகட்டிவ்’ ரத்தம் பாம்பே வகையினருக்கு ஒருபோதும் ஆகாது.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கும், ஐரோப்பியரில் சுமார் 10 லட்சம் பேரில் ஒருவருக்கும் இவ்வகை இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

இதை எப்படிக் கண்டறிவது? நோயாளியின் அணுக்களை எடுத்துச் செய்யும் சோதனை ஃபார்வர்டு குரூப்பிங். அவரது பிளாஸ்மாவை, வகை தெரிந்த அணுக்களோடு கலந்து செய்வது ரிவர்ஸ் குரூப்பிங். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தம் வைத்துச் செய்யும் விரைவுச் சோதனை பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது. அதில் பாம்பே வகை ‘ஓ’ என்றே தெரியும். ரிவர்ஸ் குரூப்பிங்கில் ‘ஓ’ அணுக்களையும் சேர்த்தால்தான் வேறுபாடு வெளிப்படும். பிறகு ‘எச்’ ஆன்டிஜெனைக் கண்டுகொள்ளும் தாவரச் சாறு கொண்டு உறுதிசெய்வார்கள். முகாமிலோ, பள்ளியிலோ, ஓட்டுநர் உரிமத்துக்காகவோ எப்போதோ செய்த தகட்டுச் சோதனையின் முடிவை வாழ்நாள் முழுவதற்குமான சான்றாக வைத்துக்கொள்ள வேண்டாம். ரத்த வங்கியில் இரு வழியிலும் ஒருமுறை சோதித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாம்பே வகை, பெற்றோர் இருவரிடமும் பெரும்பாலும் வெளியே தெரியாமல் இருக்கும் மரபணு வழியாக வருவது. ஒருவருக்கு இவ்வகை இருந்தால், அவருடன் பிறந்த ஒவ்வொருவருக்கும் இருப்பதற்குக் குறைந்தது 4இல் 1 வாய்ப்பு உண்டு. ஆகையால் ஒருவருக்குக் கண்டறியப்பட்டதும் அக்கா, தங்கை, அண்ணன், தம்பி அனைவரையும் அழைத்துச் சோதிப்பது முதல் வேலை. அவர்களே அவருக்கு மிக அருகில் உள்ள கொடையாளர்களாக அமையலாம். இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாம்பே வகை உள்ள பெற்றோர் தம்மிடம் வெளிப்படாத ‘ஏ’ அல்லது ‘பி’ மரபணுவைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடும். ‘ஓ’ என்று எழுதப்பட்ட ஒருவருக்கு ‘ஏபி’ குழந்தை பிறக்கும்போது, வீட்டில் தேவையில்லாத சந்தேகம் எழுந்து பெண்கள் துன்பப்படுவதுண்டு. சந்தேகப்பட வேண்டியது சோதனையைத்தான், மனைவியை அல்ல.

வலுவிழந்த வடிவங்கள்

எல்லா வேறுபாடுகளும் இவ்வளவு ஆபத்தானவை அல்ல. ‘ஏ’ வகையிலேயே ‘ஏ1’, ‘ஏ2’ என்ற உட்பிரிவுகள் உண்டு; இதற்கும் கீழே மிக வலுக்குறைந்த உட்பிரிவுகளும் உண்டு, அவை மேலோட்டமான சோதனையில் ‘ஓ’ என்று தோன்றிவிடும். ‘ஏ1’ அணுக்களைப் பிரித்தறியப் பயன்படும் சோதனைத் திரவம் கொள்ளு விதையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட விரும்புகிறேன். தானியப் பானையில் கிடக்கும் ஒரு விதை மனித ரத்தத்தின் இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. ‘ஏ2’ வகையினரில் சிலரும், ‘ஏ2பி’ வகையினரில் இன்னும் கூடுதலானவர்களும் ‘ஏ1’க்கு எதிரான ஆன்டிபாடி கொண்டிருப்பர். அது பெரும்பாலும் குளிரில் மட்டுமே வேலை செய்வதால் தீங்கு இல்லை. 37 டிகிரியிலும் வேலை செய்தால் அவருக்கு ‘ஏ2’ அல்லது ‘ஓ’ அணுக்களே தர வேண்டும்.

ஆர்எச் அமைப்பின் ‘டி’ ஆன்டிஜென் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்; இதில் வரும் குழப்பமே மக்களை அதிகம் அலைக்கழிக்கிறது. ஒரே நபர் ஓரிடத்தில் பாசிட்டிவ் என்றும் வேறோர் இடத்தில் நெகட்டிவ் என்றும் முடிவு வாங்குவார். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கோபப்படுவார். உண்மையில் இருவரும் சரியாகவே செய்திருக்கலாம். ‘டி’ குறைந்த அளவில் இருந்தால் அது வலுக்குறைந்த ‘டி’. அதன் ஒரு பகுதியே இல்லாமலிருந்தால் அது பகுதி ‘டி’. இப்படிப்பட்டவர் ரத்தம் கொடுக்கும்போது பாசிட்டிவ் என்று கருதப்படுவார், ஏனெனில் அவரது அணுவில் உள்ள சிறிதளவு ‘டி’யும் நெகட்டிவ் நோயாளியின் உடலைத் தூண்டிவிடலாம். அவரே ரத்தம் பெறும்போது, குறிப்பாகப் பகுதி ‘டி’ உள்ளவராக இருந்தால், நெகட்டிவ் என்று நடத்தப்படுவார், ஏனெனில் தன்னிடம் இல்லாத பகுதிக்கு எதிராக அவர் ஆன்டிபாடி உருவாக்கலாம். வலுக்குறைந்த ‘டி’யின் 1, 2, 3 ஆகிய வகைகள் மரபணுச் சோதனையில் உறுதியானால் பாசிட்டிவ் ரத்தத்தைப் பெறுவதில் தடையில்லை. இப்படி இருவேறு முடிவுகள் உங்களிடம் இருந்தால் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடாமல், இரண்டையும் ரத்த வங்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தப் புற்றுநோயில் ‘ஏ’ அல்லது ‘பி’ வலுக்குறைந்து தெரிவதும், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பின் ரத்த வகையே மாறிவிடுவதும், பிறந்து 4 முதல் 6 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் ரிவர்ஸ் குரூப்பிங் பயன்படாமல் போவதும் உண்டு. ஆகவே இரு சோதனைகளும் ஒத்துப்போகாதபோது வயது, நோய், மருந்து, முன்பு ஏற்றிய ரத்தம் ஆகிய விவரங்களைக் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

யார் முன்கூட்டியே விரிவாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்

தலசீமியா, அரிவாள் அணு நோய் போன்றவற்றால் வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டியவர்கள், முதல் பையை ஏற்றுவதற்கு முன்பே ஆர்எச் அமைப்பின் ‘சி’ ‘இ’ வகைகள், கெல், டஃபி, கிட் ஆகிய ஆன்டிஜென்களுக்கான சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஒருமுறை ரத்தம் ஏற்றிவிட்டால், கொடையாளரின் அணுக்கள் சுமார் 3 மாதம் வரை உடலில் கலந்திருக்கும். அந்தக் காலத்தில் சாதாரண முறையில் சோதித்தால் யாருடைய அணுவைச் சோதிக்கிறோம் என்றே தெரியாது. மரபணுச் சோதனை ஒன்றே வழி. முதல் நாளில் எடுக்கும் சிறு மாதிரி பிந்தைய ஆண்டுகளின் பல சிக்கல்களைத் தவிர்க்கிறது.

ரத்தம் ஏற்றும்போது முன்பு ஏதேனும் எதிர்வினை வந்தவர்கள், கருச்சிதைவு பலமுறை நேர்ந்த பெண்கள், பிறந்த குழந்தைக்குக் கடும் மஞ்சள்காமாலை வந்த தாய்மார்கள், ‘உங்களுக்குப் பொருந்தும் ரத்தம் கிடைக்கவில்லை’ என்று எங்காவது ஒருமுறை சொல்லப்பட்டவர்கள், அரிய வகை உள்ளவரின் உடன்பிறந்தவர்கள் ஆகியோரும் ஆன்டிபாடி தேடும் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாராடுமுமாப் மருந்தைத் தொடங்குவதற்கு முன்னும் இச்சோதனை அவசியம்; அம்மருந்து, கொடையாளரின் அணுக்களை நோயாளியின் பிளாஸ்மாவோடு கலந்து பொருத்தம் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை முழுவதையும் குழப்பி, எல்லா ரத்தமும் பொருந்தாததைப் போலக் காட்டும்.

எழுதி வைத்தல்

முடிவு கைக்கு வந்ததும் அதை எழுத்தாக்குங்கள். ‘பாம்பே’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் போதாது. ஆர்எச் பாசிட்டிவா நெகட்டிவா, எந்த ஆன்டிபாடிகள் எந்த ஆண்டில் கண்டறியப்பட்டன, எந்த ஆய்வகம் உறுதிசெய்தது, எந்த ரத்தம் தரக்கூடாது என்பதெல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். பாம்பே வகையினரின் அட்டையில் ‘ஓ வகை சிவப்பணு ஏற்றக் கூடாது’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அட்டையின் படம் கைபேசியிலும், கூட வாழ்பவரின் கைபேசியிலும் இருக்க வேண்டும், ஏனெனில் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் பேசப்போவது நீங்கள் அல்ல.

பழைய ஆன்டிபாடிகளைப் பற்றிய குறிப்பை இப்போது தெரியவில்லை என்பதற்காக நீக்கிவிடக் கூடாது. கிட் அமைப்பின் ஆன்டிபாடிகள் சில மாதங்களில் சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் உடல் மறப்பதில்லை. பொருந்தாத அணு மீண்டும் வந்ததும் சில நாட்களிலேயே அவை பெருகி அந்த அணுக்களை அழிக்கும். இன்றைய கிராஸ்மேட்ச் நன்றாகவே வந்திருக்கும். பத்தாண்டுக்கு முந்தைய ஒரு வரிதான் காப்பாற்றும். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது இந்த அட்டையைத்தான் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ரத்தத்தைத் தேடுவது

திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையாக இருந்தால் ரத்த வங்கிக்கு முடிந்தவரை பல வாரங்களுக்கு முன்பே தெரிவியுங்கள். சாதாரண சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி குளிரில் சேமிப்புத் திரவத்தைப் பொறுத்து 35 முதல் 42 நாட்கள் மட்டுமே இருக்கும். அரிய வகைப் பைகளை கிளிசரால் கலந்து மைனஸ் 65 டிகிரிக்கும் கீழே உறையவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாக்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டவுடன் எடுத்து மாட்டிவிட முடியாது. உருக்கி, கிளிசராலைப் பலமுறை கழுவி நீக்க வேண்டும், வழக்கமான முறையில் கழுவியதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். தேவை உறுதியாவதற்கு முன் உருக்கச் சொல்லி வற்புறுத்தினால் உலகில் மிக அரிதான ஒரு பை வீணாகும். தேவை வந்தபின் சொன்னாலோ காத்திருக்க நேரிடும். இந்த நேரக் கணக்கை அறுவைச் சிகிச்சை மருத்துவரும் ரத்த வங்கி மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும்படி செய்வது குடும்பத்தினர் செய்யக்கூடிய பெரிய உதவி.

பல நாடுகளில் அரிய கொடையாளர் பதிவேடுகள் உள்ளன. நாடு கடந்த தேடலுக்கு, இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உள்ள ஆய்வகம் பராமரிக்கும் பன்னாட்டு அரிய கொடையாளர் பட்டியல் இருக்கிறது. இதை ரத்த வங்கிகள் வழியாகத்தான் அணுக முடியும். சமூக ஊடகத்தில் வேண்டுகோள் விடுப்பது தவறல்ல. ஆனால் அதில் சரியான வகையின் முழு விவரமும் ரத்த வங்கியின் ஒப்புதலும் இல்லாவிட்டால், சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான அழைப்புகளே வரும். நோயாளியின் பெயர், படம், வீட்டு முகவரி ஆகியவற்றை அதில் போட வேண்டாம்.

உறவினர் கொடுப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். ரத்த சம்பந்தமுள்ள உறவினரின் பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள வெள்ளையணுக்கள் நோயாளியின் உடலில் தங்கிப் பெருகி, அவரது திசுக்களையே தாக்கும் அபாயம் உண்டு. அது நேர்ந்தால் பிழைப்பது அரிது. மற்றொன்று, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தைத் தவிர்ப்பது நல்லது. கணவரின் ஆன்டிஜென்களுக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி பின்னாளில் கருவைப் பாதிக்கலாம்.

பொருந்தும் பை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 குறைவு இருந்தால் சரிசெய்வது, தேவைப்பட்டால் நரம்பு வழியாக இரும்பு தருவது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், அறுவையின்போது சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவித் திரும்ப ஏற்றும் கருவி, உடல்நிலை அனுமதித்தால் அறுவைக்கு முன்பே தன் ரத்தத்தைத் தானே சேமித்து வைப்பது என்று வழிகள் பல. சோதனைக்காக எடுக்கும் ரத்தத்தைக்கூடச் சிறு குழாய்களில் எடுக்கச் சொல்லலாம். நிலையான உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கும்வரை பெரும்பாலும் ரத்தம் தேவைப்படாது. இதய நோய் உள்ளவர்களுக்கு 8 என்பர். ஒரு பை சுமார் 1 கிராம் உயர்த்தும். ஒன்றை ஏற்றி, பார்த்து, பிறகு அடுத்ததை முடிவுசெய்யும் முறை அரிய வகையினருக்கு மிகவும் ஏற்றது. பிளாஸ்மா தேவைப்பட்டால் கவலை குறைவு: பாம்பே வகையினரின் அணுவில் தாக்கப்படக்கூடிய ‘ஏ’, ‘பி’, ‘எச்’ எதுவும் இல்லாததால், சாதாரண வகையினரின் பிளாஸ்மாவையே தரலாம்.

மாதிரி எடுப்பதிலிருந்து பை மாட்டுவது வரை

அரிய வகையைத் தேடி உலகமெல்லாம் அலைந்த பிறகும், ஆள் மாறிப்போனால் எல்லாம் வீண். ரத்தம் ஏற்றுவதில் நேரும் கொடிய பிழைகள் பெரும்பாலும் அடையாளப் பிழைகளே. மாதிரி எடுக்கும் செவிலியர், ‘நீங்கள்தானே இன்னார்?’ என்று கேட்டால் தலையாட்டாமல், உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் நீங்களே சொல்லுங்கள். குழாயின் மேல் பெயரைப் படுக்கையருகே, உங்கள் கண் முன்னே எழுத வேண்டும். வகையை உறுதிசெய்ய வேறொரு நேரத்தில் இரண்டாவது மாதிரி கேட்டால் மறுக்காதீர்கள். கடந்த 3 மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தாலோ கருவுற்றிருந்தாலோ, கிராஸ்மேட்ச் மாதிரி 3 நாட்களுக்கு மேல் செல்லாது. இடையில் புது ஆன்டிபாடி தோன்றியிருக்கலாம்.

கிராஸ்மேட்ச் செய்யும்போது, 1945இல் கூம்ப்ஸ், மௌரண்ட், ரேஸ் மூவரும் அறிமுகப்படுத்திய, அணுக்களில் ஒட்டியும் தாமாகக் கட்டியாக்காத ஆன்டிபாடிகளைக் காட்டும் கூம்ப்ஸ் சோதனையையும் சேர்த்துச் செய்தார்களா என்று கேட்பதில் தவறில்லை. அறை வெப்பநிலையில் மட்டும் பார்க்கும் சோதனை கெல், டஃபி, கிட் ஆன்டிபாடிகளைத் தவறவிட்டுவிடும்.

படுக்கையருகே இருவர் சேர்ந்து மணிக்கட்டுப் பட்டையையும் பையின் சீட்டையும் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை 30 நிமிடத்துக்குள் தொடங்கி, 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெந்நீரில் வைத்தோ அடுப்பில் வைத்தோ சூடாக்கக் கூடாது. அதே குழாயில் சாதாரண சலைன் தவிர குளுக்கோஸ் முதலிய வேறெதையும் கலக்கக் கூடாது. முதல் 15 நிமிடம் மிக மெதுவாகச் செலுத்தி, ஒருவர் அருகிலேயே நின்று நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடும் எதிர்வினை பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தலைகாட்டும்.

எதிர்வினை வந்தால்

குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பிலோ முதுகிலோ வலி, ஊசி ஏறும் நரம்பில் எரிச்சல், மூச்சுத் திணறல், சிறுநீர் கறுத்துப் போவது ஆகியவை அறிகுறிகள். இவை எதுவும் தொடங்குவதற்கு முன்பே சில நோயாளிகள் ‘எனக்கு ஏதோ ஆகப்போகிறது’ என்று சொல்வதுண்டு. அதைப் பயம் என்று ஒதுக்கிவிடாமல் பையை நிறுத்துங்கள். ஊசியைப் பிடுங்க வேண்டாம். குழாயை மாற்றி சலைன் ஓடவிட்டு, மருத்துவரை அழைத்து, பெயரையும் பை எண்ணையும் மீண்டும் ஒப்பிட வேண்டும். மீதமுள்ள பையைத் தூக்கி எறியாமல், புது ரத்த மாதிரியோடும் சிறுநீரோடும் சேர்த்து ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். காரணம் அந்தப் பையில்தான் இருக்கிறது.

விபத்து போன்ற அவசரத்தில், வகை தெரியாதவர்களுக்கு ‘ஓ’ ரத்தம் ஏற்றுவது சரியான வழக்கமே. அது எத்தனையோ உயிர்களைக் காக்கிறது. ஆனால் பாம்பே வகை என்று தெரிந்தவருக்கு அந்த வழக்கம் பொருந்தாது. உடன் இருப்பவர் முதல் வாக்கியமாக அதைச் சொல்லி, அட்டையை நீட்ட வேண்டும். வெறும் ஆன்டிபாடிப் பிரச்சினை மட்டும் உள்ளவர் ரத்தப்போக்கில் உயிருக்குப் போராடும்போது, முழுமையாகப் பொருந்தாத ரத்தத்தையும் மருத்துவர்கள் மருந்துப் பாதுகாப்போடு ஏற்ற முடிவெடுக்கலாம். அது எடைபோட்டு எடுக்கும் முடிவு. அங்கே ரத்த வங்கி மருத்துவரின் குரலும் இருக்க வேண்டும்.

கர்ப்ப காலம்

அரிய வகை உள்ள பெண்கள் கருவுற்றதும் முதல் பரிசோதனையிலேயே வகையைச் சொல்லி, ஆன்டிபாடி அளவைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பார்த்துவர வேண்டும். பிரசவத்துக்கான ரத்தத்தைத் தேட 9ஆம் மாதம்வரை காத்திருக்கக் கூடாது. ஆர்எச் நெகட்டிவ் தாய்மாருக்கு 28ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவ் எனில் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் தரப்படும், தாய் ‘டி’க்கு எதிரான ஆன்டிபாடி உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி, பகுதி ‘டி’ உள்ள தாய்மாருக்கும் தேவை. அட்டையில் பாசிட்டிவ் என்று இருப்பதால் அவர்களுக்கு இது விட்டுப்போகிறது.

வீடு திரும்பிய பிறகு

பை நல்லபடியாக முடிந்த நாளோடு கவனிப்பு முடிவதில்லை. தாமதமான எதிர்வினை 3 முதல் 14 நாட்களுக்குள் வரலாம்: காரணமில்லாத காய்ச்சல், கண்ணில் மஞ்சள், தேநீர் நிறத்தில் சிறுநீர், ஏறிய ஹீமோகுளோபின் சில நாட்களிலேயே பழைய அளவுக்கு இறங்கிவிடுவது. மஞ்சள்காமாலை என்று எண்ணி வேறு மருத்துவம் தேடிப் போகாமல், ரத்தம் ஏற்றிய தேதியைச் சொல்லி அதே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். சில வாரங்கள் கழித்து ஆன்டிபாடி சோதனையை மறுபடி ஒருமுறை செய்து, புதிதாக ஏதேனும் தோன்றியிருந்தால் அன்றே அட்டையில் ஏற்றிவிடுங்கள். உடல் தேறிய பிறகு, மருத்துவர் அனுமதித்தால், உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து அரிய கொடையாளர் பதிவேட்டில் பெயரைப் பதியலாம்; ஆனால் முகாம்தோறும் போய்க் கொடுக்காமல், ரத்த வங்கி கேட்கும்போதும் உறையவைப்பதற்காக அழைக்கும்போதும் கொடுங்கள். கைபேசி எண் மாறினால் முதலில் தெரிவிக்க வேண்டிய இடங்களில் அந்தப் பதிவேடும் ஒன்று.